ஓநாயைச் சுட்ட 22 வயசு ஆபீசர்

இ.ஐ.ஏ. பேப்பர் எடுத்தவங்களுக்கு லியோபோல்டு மேட்ரிக்ஸ் ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் 100 வேலைகள்: ரோடு போடுறது, அணை கட்டுறது, மரம் வெட்டுறது மாதிரி. இன்னொரு பக்கம் 88 விஷயங்கள்: மண், தண்ணீர், செடி, பறவை, மனுஷன். மொத்தம் 8,800 கட்டம். எந்த வேலை எதை எவ்வளவு பாதிக்கும்னு கட்டத்துக்குள்ள மார்க் போடணும். பரீட்சைக்கு முந்தின நாள் உருப்போட்டு, எழுதி முடிச்சதும் மறந்திருப்பீங்க.

1971-ல் அதை வெளியிட்ட குழுவில் முதல் பெயர் லூனா லியோபோல்டு. சிவில் இன்ஜினியரிங் படிச்ச நீரியல் நிபுணர். ஆனா நான் சொல்ல வந்தது அவரோட அப்பா ஆல்டோ லியோபோல்டு பத்தி. ஒரு பெரிய தப்பைப் பண்ணிட்டு, அதை ஊரறிய ஒத்துக்கிட்ட மனுஷன் அவர்.

ஆல்டோ 1887 ஜனவரி 11-ம் தேதி, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் பர்லிங்டன் நகரில் பிறந்தார். அப்பா மர மேசை தயாரிக்கும் தொழில் நடத்தியவர். வேட்டைக்குப் போகும்போது பையனையும் கூட்டிக்கிட்டுப் போவார். காடு பிடிச்சுப்போன பையன் யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்தார். 1909-ல் முதுகலை முடிச்ச கையோடு அமெரிக்க வனத்துறையில் வேலை. போஸ்டிங் அரிசோனா மலைக்காடு. அப்போ வயசு 22. கிட்டத்தட்ட நம்ம வயசு.

வேலைக்குச் சேர்ந்த சில மாதத்தில், காட்டில் சர்வே எடுக்கப் போன இடத்தில், கீழே ஆற்றைக் கடந்து வந்த ஓநாய்க் கூட்டத்தைப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் ஓநாயைக் கண்டா சுடணும், அவ்வளவுதான், யாரும் யோசிக்கவே மாட்டாங்க. இவங்களும் சுட்டாங்க. ஆல்டோ இறங்கிப் போய்ப் பார்த்தபோது தாய் ஓநாய்க்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. அதன் கண்ணில் இருந்த ஒளி தன் முன்னாலேயே அணைவதைப் பார்த்தார்.

சினிமாவா இருந்தா ஹீரோ அங்கேயே துப்பாக்கியைத் தூக்கிப் போட்டிருப்பார். நிஜத்தில் அப்படி நடக்கல. அதுக்கப்புறமும் பல வருஷம் ஓநாய்களை ஒழிக்கணும்னு பேசினார், எழுதினார். அவரோட கணக்கு ரொம்ப சிம்பிள்: ஓநாய் குறைஞ்சா மான் பெருகும். ஓநாயே இல்லைன்னா வேட்டைக்காரனுக்குச் சொர்க்கம்.

அந்தக் கணக்கு எங்கே தப்பாச்சுன்னு நிலமே காட்டியது. அரிசோனாவின் கைபாப் பீடபூமியில் ஓநாய், மலைச்சிங்கம் எல்லாத்தையும் கொன்று குவித்தார்கள். மான் பெருகியது உண்மைதான். ஆனா 1920-களில் அந்த மான்கள் எட்டின உயரம் வரைக்கும் இலையையும் இளங்கன்றையும் தின்று தீர்த்துட்டு, பட்டினியில் கூட்டம் கூட்டமா செத்தன. புல்லும் செடியும் போனா மண்ணைப் பிடிச்சு வைக்க வேர் இருக்காது. மழை பெய்தா மண் ஆற்றுக்குப் போகும். மாடுகளை அளவுக்கு மீறி மேயவிட்ட பள்ளத்தாக்குகளிலும் இதையேதான் அவர் பார்த்தார். நல்ல வயல்கள் வெள்ளத்தோடு போய், வெறும் ஓடைகள்தான் மிஞ்சின.

1924-ல் அவருடைய யோசனைப்படி நியூ மெக்சிகோவில் சுமார் 7.5 லட்சம் ஏக்கர் கிலா காடு, ரோடு போடாமல் அப்படியே விட்டுவைக்கும் முதல் வனப்பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதே வருஷம் விஸ்கான்சினுக்கு மாற்றலானார். 1933-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வனவிலங்கு மேலாண்மைப் பேராசிரியர் ஆனார். அந்த நாட்டில் இந்தத் துறைக்கு அவர்தான் முதல் பேராசிரியர்.

அதே 1933-ல் கூன் பள்ளத்தாக்கு திட்டம் தொடங்கியது. சரிவில் மேலிருந்து கீழாக உழுததால் மண் அரித்துப் பாழான பகுதி. சமஉயரக் கோட்டை ஒட்டி உழுவது, பட்டை பட்டையாக வெவ்வேறு பயிர் வைப்பது, செங்குத்துச் சரிவில் மாடு ஏறாமல் வேலி போட்டு மரம் வளர விடுவது என்று விவசாயிகளோடு சேர்ந்து ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுக்கச் செய்தார்கள். அந்த நாட்டில் அதுதான் முதல் முறை. ஆலோசகர்களில் ஆல்டோவும் ஒருவர். மண்ணுக்கு ஒரு டிபார்ட்மென்ட், மரத்துக்கு ஒண்ணு, விலங்குக்கு ஒண்ணுன்னு தனித்தனியா போனா வேலைக்கு ஆகாதுங்கிறதை அங்கே நேரில் கண்டார்.

1935-ல் ஜெர்மனி போனார். வரிசையா நட்ட ஒரே வகை மரம், கீழே புதர் இல்லை, மண் புளித்துக் கிடந்தது. அடுத்த வருஷம் மெக்சிகோ மலையில் ஓநாயும் மானும் சேர்ந்தே வாழ்ந்த ஒரு காட்டைப் பார்த்தார். அங்கே ஆறு தெளிவா ஓடியது. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பாருங்க, அவர் மனசு ஏன் மாறியதுன்னு புரியும்.

1935-ல் விஸ்கான்சின் ஆற்றோரம் 80 ஏக்கர் வாங்கினார். விளைச்சு விளைச்சு சக்கையாகி, கைவிடப்பட்ட மணல் நிலம். அதில் நின்றிருந்தது ஒரு கோழிக்கொட்டகை மட்டும்தான். அதையே வார இறுதி வீடாக்கி, மனைவி எஸ்டெல்லா, ஐந்து பிள்ளைகளோடு வருஷா வருஷம் பைன் கன்று நட்டார். முதல் வருஷக் கன்றுகளில் பெரும்பாலானவை வறட்சியில் கருகின. மறுபடி நட்டார்கள்.

1940-களில் விஸ்கான்சினிலும் மான் பெருகி, காட்டில் பசியால் சாக ஆரம்பிச்சது. மான் எண்ணிக்கையைக் குறைக்கணும்னு ஆல்டோ சொன்னார். வேட்டைக்காரர்களே எதிர்த்தாங்க, பத்திரிகையில் திட்டு. அந்தச் சமயத்தில்தான் அவருடைய பழைய மாணவர் ஆல்பர்ட் ஹாக்பாம், அவர் கட்டுரைகளைப் படிச்சுட்டு நேராகக் கேட்டார்: ஓநாய்களை ஒழிச்சதில் உங்களுக்கும் பங்கு இருக்கே, அதை ஏன் எழுதல? புரொபசர் கோபப்படல. 1944-ல், அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கு 35 வருஷம் கழிச்சு, அந்தத் தாய் ஓநாயின் கதையைத் தன் தப்பாகவே எழுதினார்.

அந்தக் கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1948 ஏப்ரல் 14-ம் தேதி ஆக்ஸ்போர்டு பதிப்பகம் ஏத்துக்கிட்டது. சரியா ஒரு வாரம். ஏப்ரல் 21-ம் தேதி பக்கத்து நிலத்தில் பிடித்த புல்லுத்தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பு. வயசு 61. புத்தகம் மறுவருஷம் வெளிவந்தது. 1995-ல் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள்.

நாளைக்கு நமக்கும் முதல் வேலையில் ஒரே ஒரு நம்பரைக் கொடுத்து, இதை ஏத்து, மத்ததைப் பார்க்காதேன்னு சொல்வாங்க. 1909-ல் ஆல்டோவுக்குக் கொடுத்த நம்பர் மான். மகனோட மேட்ரிக்ஸில் 8,800 கட்டம் ஏன் இருக்குன்னு இனிமே கேட்க மாட்டீங்கதானே?