வெளியே சொல்ல முடியாத வலிக்கு ஒரு பெண் டாக்டர்: புதுக்கோட்டை முத்துலட்சுமியின் கதை

சிறுநீர் போகும் இடத்துக்குப் பக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு சின்ன வீக்கம். உட்கார்ந்தால் உறுத்துகிறது, சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது. இதை யாரிடம் சொல்வது? அம்மாவிடம் சொல்லவே தயக்கம். ஆண் டாக்டர் என்றால் கேட்கவே வேண்டாம். கூகுளில் தேடிவிட்டு அப்படியே விட்டுவிடும் பெண்கள் இன்றைக்கும் நிறைய.

இன்றைக்கே இப்படி என்றால், 1900-களில் எப்படி இருந்திருக்கும்? அந்தக் காலத்தில்தான் புதுக்கோட்டையில் ஒரு பெண் டாக்டராகக் கிளம்பினார். அவர்தான் முத்துலட்சுமி ரெட்டி.

எங்கே தொடங்கியது?

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார் முத்துலட்சுமி. அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியில் பணியாற்றியவர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குடும்பத்தைச் சேர்ந்தவர். இந்தக் கல்யாணத்துக்காக அப்பாவைச் சொந்தக்காரர்கள் ஒதுக்கி வைத்தார்கள். தாய்வழிக் குடும்பத்தின் நிலையைப் பக்கத்திலிருந்து பார்த்து வளர்ந்தது, பின்னாளில் முத்துலட்சுமி எடுத்த பல முடிவுகளுக்குப் பின்னால் இருக்கிறது.

வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்து கல்லூரி. மகாராஜா கல்லூரியில் அப்போது பையன்கள் மட்டும்தான். ஒரு பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதை ஒதுக்கிவிட்டு அனுமதி கொடுத்தார். மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போய்வந்தார். வகுப்பில் அவருக்கும் மாணவர்களுக்கும் நடுவே திரை.

ஏன் மருத்துவம்?

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே பெண்கள் படித்தது அது முதல் முறை இல்லை. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலேயப் பெண் 1875-லேயே அங்கே சேர்ந்திருந்தார். பிரசவத்திலும் பெண் நோய்களிலும் ஆண் டாக்டரிடம் காட்ட மறுத்து உயிரை விடும் பெண்களைப் பார்த்த பிறகுதான் அவர் மருத்துவம் படிக்கவே முடிவு செய்தார். பின்னர் சென்னையில் பெண்களுக்கென்றே அவர் தொடங்கிவைத்த மருத்துவமனைதான் இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை.

ஆனால் உள்ளூர்ப் பெண் ஒருவர் டாக்டராவது வேறு விஷயம். மொழி தெரியும், வீட்டு நிலவரம் தெரியும், எதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள் என்பதும் தெரியும். பரிசுகளும் பதக்கங்களும் வாங்கி 1912-ல் பட்டம் பெற்றார் முத்துலட்சுமி. எழும்பூரில் உள்ள அரசு பெண்கள், குழந்தைகள் மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது அவர் முன்வைத்த நிபந்தனை.

அந்தச் சின்ன வீக்கம் என்ன?

பெண் டாக்டர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு, முதலில் சொன்ன அந்த வீக்கமே நல்ல உதாரணம். பெண்களின் சிறுநீர்த் துவாரத்தின் இருபுறமும் சின்னச் சுரப்பிகள் உண்டு. 1880-ல் அலெக்சாண்டர் ஸ்கீன் என்ற அமெரிக்க மருத்துவர் இவற்றைப் பற்றி விரிவாக எழுதியதால், ஸ்கீன் சுரப்பிகள் என்றே பெயர். அவற்றின் வாய் அடைத்துக்கொண்டால் உள்ளே திரவம் தேங்கி நீர்க்கட்டி ஆகிவிடும்.

சின்னதாக இருந்தால் பெரும்பாலும் தொந்தரவே இருக்காது. பெரிதானால் எரிச்சல், சிறுநீர் பிரிந்து பிரிந்து போவது, தாம்பத்ய உறவில் வலி, அடிக்கடி தொற்று எனப் பிரச்சினைகள் வரும். வெறும் யூரின் இன்ஃபெக்ஷன் என்று நினைத்து மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் கட்டி அப்படியேதான் இருக்கும். டாக்டர் நேரில் பார்த்தால்தான் தெரியும். சிக்கலே அங்கேதான்: காட்ட வேண்டும்.

சிகிச்சை என்ன?

தொந்தரவு தராத சின்னக் கட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கவனித்து வந்தால் போதும். சீழ் பிடித்திருந்தால் ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள், தேவைப்பட்டால் சீழை வெளியேற்றுவார்கள். ஊசி போட்டு நீரை மட்டும் எடுத்தால், மறுபடி நிரம்ப வாய்ப்பு அதிகம். அதனால் தொல்லை தரும் கட்டியை முழுசாக எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் கட்டியைத் திறந்து, அதன் விளிம்பைச் சுற்றியுள்ள தோலோடு சேர்த்துத் தைத்து, மறுபடி மூடிக்கொள்ளாதபடி வழி செய்வார்கள்.

கத்தி வைக்கும் முன் ஸ்கேன் பார்ப்பது முக்கியம். சிறுநீர்க் குழாயின் சுவரே பை மாதிரி வெளியே பிதுங்கியிருந்தாலும் பார்க்க இதே மாதிரிதான் இருக்கும். அதற்கான அறுவை சிகிச்சை வேறு. தவறாக வெட்டினால் சிறுநீர்க் குழாயில் ஓட்டை விழலாம், சிறுநீர் கசியலாம். இப்படிப்பட்ட வீக்கம் புற்றுநோயாக இருப்பது அபூர்வம். ஆனாலும் கட்டி கெட்டியாக இருந்தாலோ, ரத்தம் வந்தாலோ தள்ளிப்போடக் கூடாது.

ஆஸ்பத்திரியிலிருந்து சட்ட மேலவைக்கு

நோயாளிகளைப் பார்க்கப் பார்க்க, மருந்து மட்டும் போதாது என்பது முத்துலட்சுமிக்குப் புரிந்தது. சின்ன வயசுக் கல்யாணம், படிப்பில்லாமை, தேவதாசி முறை, இவையெல்லாமும் பெண்களின் உடம்பைத்தான் பாதித்தன. பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேற்பயிற்சி பெற 1925-ல் லண்டன் போனார். திரும்பிய பிறகு 1927-ல் சென்னை மாகாண சட்ட மேலவையின் உறுப்பினரானார். பிரிட்டிஷ் இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். அதன் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்வானார்.

குழந்தைகளுக்குத் தனி மருத்துவப் பிரிவு, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, திருமண வயதை உயர்த்துவது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்தப் போராடினார். அந்தச் சட்டம் முழுமையாக வர 1947 ஆனது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1930-ல், காந்தி கைதானதைக் கண்டித்து அவர் பதவியைத் தூக்கிப்போட்டிருந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

தங்கையின் மரணம்

1923-ல் தங்கை சுந்தராம்பாள் மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். வீட்டில் அக்கா டாக்டர், அக்கா கணவரும் டாக்டர். இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணம் அப்போது மனதில் விழுந்தது. அது நடக்க 30 வருடம் ஆனது.

1952-ல் அடையாறில் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். கருப்பைவாய், மார்பகம் என்று வெளியே சொல்லக் கூச்சப்படும் இடங்களில் புற்றுநோய் வந்த எத்தனையோ பெண்கள் அந்தப் படியேறினார்கள்.

1956-ல் பத்மபூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி, 1968 ஜூலை 22 அன்று 81 வயதில் காலமானார். தமிழக அரசின் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

இன்றைக்கு?

அவர் பிறந்த புதுக்கோட்டையில் 2017-ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. திரை இல்லாமல் பெண்கள் அங்கே மருத்துவம் படிக்கிறார்கள். சிறுநீர்ப் பாதைக்கு அருகில் வீக்கமோ எரிச்சலோ இருந்தால் மகளிர் நல மருத்துவரையோ யூராலஜிஸ்டையோ பார்க்கலாம். ஆண் டாக்டராக இருந்தால், பரிசோதனையின்போது நர்ஸ் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று தாராளமாகக் கேட்கலாம். பெரும்பாலான கட்டிகள் எளிதில் சரியாகிவிடும். முதலில் யாரிடமாவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.