அடையாற்று அன்னை முத்துலட்சுமி அம்மையார்

மகப்பேற்று நிதியுதவித் திட்டத்தின் வாயிலாக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்னும் பெயரைத் தமிழகத்துத் தாய்மார் பல்லாயிரவர் அறிவர். அவர் யாவர் என வினவின், முதல் பெண் மருத்துவர் என்று நம் மாணவ மணிகள் பொது அறிவு நூல்களின் துணைகொண்டு உடனே விடையிறுப்பர். அவ்விடையிலும் ஒரு சிறு திருத்தம் வேண்டும். மேரி ஷார்லிப் முதலிய பெண்கள் 1870களிலேயே சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றுள்ளனர். முதன்மைப் பட்டியலுக்குள் அம்மையாரைத் தேடுவதைவிட, கதவடைக்கப்பட்டோர்க்கு வீடாக நின்ற ஒரு பெருந்தாயாக அவரைக் காண்பதே தகும் என்பது நம் எண்ணம்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டைச் சமத்தானத்தில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கற்றறிந்த கல்வியாளர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். இம்மணவுறவால் தந்தையாரை அவர்தம் சுற்றத்தார் ஒதுக்கினர். பிறப்பினாலேயே ஒரு வாயில் அடைபட்டுக் கிடப்பதை அம்மையார் தம் தாயின் முகத்திலேயே கண்டு வளர்ந்தார் எனலாம். அவருடைய பிற்காலச் செயல்கள் பலவற்றுக்கும் வேர் ஈண்டே உள்ளது.

வீட்டிலிருந்தே பயின்று 1902இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். ஆடவர் பயிலும் மகாராஜா கல்லூரியில் பெண்ணொருத்தி இடம்பெறுவதை எதிர்த்தோர் பலர். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இசைவு நல்கினார். பின்னர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். சடங்குகளை விலக்கி, 1872ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி நடந்தேறிய மணம் அது. தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றலாகாது என்பன மணமகள் விதித்த நிபந்தனைகள். அவற்றை இறுதிவரை காத்தமைக்காகச் சுந்தர ரெட்டியாரையும் நாம் பாராட்டுதல் வேண்டும்.

அடையாற்றில் 1917இல் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் அம்மையார் 1926இல் சென்னைச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பெற்றார். 1927இல் அவையின் துணைத்தலைவராக அவரை உறுப்பினர் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தனர். குழந்தை மணத் தடை, பெண்கல்வி, பள்ளி மாணவர்க்கு மருத்துவச் சோதனை என அவர் வாதாடியவை மிகப் பல. முஸ்லிம் மாணவியர்க்குத் தனி விடுதி அமையவும் அவர் பாடுபட்டார் என்பதை நம் சமுதாயத்தார் நன்றியுடன் நினைவுகூர்தல் கடனாம். விடுதி இன்மையால் வெளியூர்ப் பெண்மக்களின் படிப்பு இடையில் நின்றுபோகும் அவலத்தை நம் மூத்தோர் அறிவர்.

அவர் வாழ்வின் பெரும்போர் தேவதாசி முறை ஒழிப்பேயாகும். கோயில் பணிக்கெனத் தாசியர்க்கு விடப்பட்டிருந்த மானிய நிலங்களை அப்பணியினின்றும் விடுவித்து அவர்க்கே உரிமையாக்கும் சட்டத்திருத்தம் 1929இல் நிறைவேறியது. பொட்டுக் கட்டுதலையே தடுக்கும் மசோதாவையும் அவர் கொணர்ந்தார். ஆயின் காந்தியடிகளின் கைதைக் கண்டித்து 1930இல் தம் பதவியைத் துறந்தார். மசோதா கிடப்பில் கிடந்து, 1947ஆம் ஆண்டின் இறுதியிலேயே சட்டமாயிற்று. சத்தியமூர்த்தி போன்ற தேசியத் தலைவர்களே இதனை எதிர்த்தனர் என்பது வியப்பன்று; மரபின் பிடி அத்தகையது. தேவதாசியருள் பலரும் எதிர்த்து விண்ணப்பித்தனர் என்பதே நாம் நின்று எண்ணத்தக்கது. ஆடலும் பாடலும் நெடுங்காலம் அவர்தம் கைம்முதலாக இருந்தவை. பிழைப்பும் கலையும் ஒருங்கே பறிபோகுமோ என அவர்கள் அஞ்சியதில் நியாயம் இல்லாமலில்லை. அவர்கள் காத்த ஆடற்கலை பிறர் கைக்கு மாறிப் புதுப்பெயருடன் மயிலாப்பூர்ச் சபாக்களில் ஏறியதையும், 1936இல் அடையாற்றிலேயே கலாக்ஷேத்திரம் தோன்றியதையும் காணும்போது அவ்வச்சம் முற்றும் பொய்க்கவில்லை என்றே தோன்றுகிறது. எனினும் தன் விருப்பம் இன்னதென அறியாப் பருவத்துச் சிறுமியைப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை எக்கலையின் பெயராலும் காத்தல் இயலாது. அம்மையாரின் பக்கமே நாம் நிற்கின்றோம்.

சட்டம் செய்தலோடு அவர் அமைந்துவிடவில்லை. 1930இல் தேவதாசிக் குலத்துச் சிறுமியர் மூவர் அடைக்கலம் நாடி அவர்பால் வந்தனர். அக்கால விடுதிகளோ சாதி பார்த்துச் சேர்ப்பன. எவ்விடுதியும் அவர்களை ஏற்கவில்லை. அம்மையார் தம் இல்லத்திலேயே இடமளித்தார். அதுவே அவ்வை இல்லத்தின் தோற்றம். பின்னர் அது அடையாற்றுக்குப் பெயர்ந்து, பள்ளியோடு கூடிய பேரில்லமாய் வளர்ந்தது. தமிழ்த்துறையினராகிய நாம் பெயர்ப்பொருத்தத்தைக் கூறாது விடலாகாது. ஔவையார் ஒருவரல்லர், பல காலத்துப் பலர் என்பர் இலக்கிய வரலாற்றாசிரியர். மக்கள் உள்ளத்திலோ அவர் ஒரே பாட்டி. யார் வீட்டுப் பிள்ளைக்கும் அரிச்சுவடி தொடங்கும்போதே அறம் உரைக்கும் பாட்டி. குலம் வினவாது பிள்ளைகளை ஏற்கும் இல்லத்துக்கு இதனினும் ஏற்ற பெயர் வாய்ப்பதரிது. யத்தீம்களைப் பேணுதலைத் தலையாய கடமையாகக் கொண்ட நம் மார்க்கத்தார்க்கு அவ்வில்லத்தின் அருமையை விளக்கவும் வேண்டுமோ?

அம்மையாரின் சொந்தக் குடும்பத்தில் ஒளியும் இருளும் உண்டு. இளைய சகோதரி நல்லமுத்து, கடற்கரை இராணி மேரிக் கல்லூரிக்கு முதல் இந்திய முதல்வராய் உயர்ந்தார். மற்றொரு தங்கை சுந்தரம்மாளோ புற்றுநோயால் இளமையிலேயே மாண்டார். முதலில் வயிற்றுக்கடுப்பு எனக் கருதப்பட்ட நோய், உண்மை தெரிந்தபோது கைமீறிவிட்டது. மருத்துவராகிய அக்காள் அருகிருந்தும் காக்க இயலாது போன துயரம் அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என வற்புறுத்தினார். எவ்வாறாயினும் இறக்கப்போகும் நோயாளர்க்கு மருத்துவமனை எதற்கு என்பதே ஆட்சியிலிருந்தோர் பலரின் எண்ணம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்திய மாதர் சங்கத்தின் பெயரால் நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954 சூன் 18இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொழிற்படலாயிற்று. அப்போது அம்மையார்க்கு அகவை 67. மகனார் மருத்துவர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் புற்றுநோய் மருத்துவம் பயின்று, வருவாய் மிகுந்த தனித்தொழிலை நாடாது அன்னையின் மருத்துவமனைக்கே தம்மை ஒப்படைத்தார். 1955இல் இளம் மருத்துவர் சாந்தா வந்து சேர்ந்தார். வறியோர்க்குக் கட்டணமின்றிச் சிகிச்சை என்னும் நெறி அன்றே வேரூன்றியது.

1956இல் பத்மபூஷண் விருது வந்தது. விருதுகளை விரித்துரைத்தல் ஈண்டு வேண்டா. 1968 சூலை 22ஆம் நாள், 82ஆம் பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்க, அம்மையார் மறைந்தார்.

கிருஷ்ணமூர்த்தி 2010இல் காலமாகும்வரை அம்மருத்துவமனையைத் தம் வாழ்வாகக் கொண்டார். வயிற்றில் பிறவாத மகளாக வந்த சாந்தா அம்மையார் திருமணம் செய்துகொள்ளாது, மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்து, 2021 சனவரியில் தம் 93ஆம் அகவையில் கண்மூடும்வரை அங்கு வரும் நோயாளரைக் குறித்தே கவலை கொண்டிருந்தார்.