மழலையர்க்கு ஆசிரியர் தந்த மருத்துவர்

விடியுமுன் படகு இறக்கும் பொம்மையார்பாளையத்து மீனவரும், புதுவைக்குக் கொத்து வேலைக்குப் போகும் தோழரும் பிள்ளையை எங்கே விட்டுச் செல்கின்றனர்? அங்கன்வாடியில்! அங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் படிப்பு எதற்கு என்று எள்ளி நகையாடுவோர் நம்மிலும் உண்டு. அவர்கள் மரியா மாண்டிசோரி அம்மையாரின் வாழ்வை அறிதல் நலம்.

1870 ஆகஸ்ட் 31இல் இத்தாலியில் பிறந்தவர். பெண்ணுக்கு மருத்துவமா என்று ஊர் முகம் சுளித்த காலத்தில், 1896இல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றார். அந்நகரின் சான் லொரென்சோ ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் சுவரைக் கிறுக்கிப் பாழாக்கினர். கட்டடத்தாருக்கோ சுவரைப் பற்றிய கவலை! ஓர் அறையை ஒதுக்கி அம்மையாரிடம் ஒப்படைத்தனர். பிள்ளை மீதல்ல, சுண்ணாம்பின் மீது பிறந்த இரக்கம்! ஆயினும் 1907 ஜனவரி 6இல் குழந்தைகள் இல்லம் பிறந்தது.

அங்கே அமர்த்தப்பட்டவர் ஆசிரியப் பயிற்சியே பெறாத எளிய பெண். பழைய பள்ளிப் பழக்கம் படியாதவர் என்று அம்மையார் மகிழ்ந்தார். அப்படியானால் பயிற்சி வேண்டாமென்றா பொருள்? இல்லை தோழர்களே! அப்பெண்ணுக்கு வழிகாட்ட ஒரு மருத்துவரே இருந்தார். பள்ளிகள் பெருகினால் பக்கத்தில் நிற்பவர் யார்? 1909இல் பயிற்சி வகுப்பு தொடங்கினார். எப்போது கை கொடுப்பது, எப்போது விலகி நிற்பது என உற்றுநோக்கக் கற்பதே அதில் கடினம். பயிற்சியளிக்கும் உரிமையைப் பிறருக்கு எளிதில் விட்டுத்தரவில்லை. அந்தப் பிடிவாதம் சற்று மிகை என்பதே நம் எண்ணம்.

1939 நவம்பரில் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ 300 பேர் பயின்றனர். 1940இல் இத்தாலி போரில் குதித்ததும் வெள்ளை அரசு அவரை எதிரி நாட்டவர் என்றது. மகன் மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தது. தாயின் 70ஆம் பிறந்தநாளில்தான் விடுவித்தது. பயிற்சியோ நிற்கவில்லை, போர்க்காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர் அவரிடம் பயின்றனர்.

2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு தேறிய அங்கன்வாடி ஊழியருக்கு 6 மாதச் சான்றிதழ், அதற்குக் குறைந்தோர்க்கு 1 ஆண்டுப் பட்டயம் என்கிறது. வேலை பார்த்தபடியே, தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கற்கலாமாம்! அம்மையாரோ பொருளைக் கையில் எடுத்துக் காட்டிக் கற்பித்தவர். படித்து முடித்த ஊழியருக்கு ஊதியம் எவ்வளவு உயரும்? அக்கொள்கையில் தொகை ஏதும் இல்லை.

1949 வரை இந்தியாவுக்கு வந்துபோன அம்மையார், 1952 மே 6இல் ஹாலந்தில் மறைந்தார்.