மேரி டெலானி அம்மையாரின் காகித மலர்கள்

துக்கம் மாந்தர் யாவர்க்கும் பொதுவாயினும், அதனைத் தாங்கும் வகை ஒருவர்க்கொருவர் வேறுபடும். சிலர் அதனாற் செயலற்று ஒடுங்குவர்; சிலர் அதனை மறக்க முயல்வர்; வெகு சிலரே அதனிடையே ஒரு நற்றொழிலைக் கண்டு அதில் நிலைபெறுவர். இம்மூன்றாம் வகையினர், பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மேரி டெலானி அம்மையார்.

இவர் 1700-ஆம் ஆண்டு மே மாதம் 14-ஆம் நாள், இங்கிலாந்தில் வில்ட்ஷயரைச் சார்ந்த கூல்ஸ்டன் என்னும் ஊரில், கிரான்வில் என்ற உயர்குடியிற் பிறந்தார். குடும்பத்தின் நிலை தாழவே, பெரிய தந்தையாராகிய லான்ஸ்டவுன் பிரபு, 1718-இல் பதினேழே வயதினரான இவரை, அறுபதை அணுகிய பெண்டார்வஸ் என்னும் செல்வருக்கு மணமுடித்து வைத்தார். அம்மணத்தில் அன்பிற்கு இடமில்லை. இருபத்தைந்து வயது நிறையுமுன்னரே இவர் கைம்மை எய்தினார். எதிர்பார்த்த செல்வமும் கிட்டவில்லை.

நெடுநாள் தனித்து வாழ்ந்தபின், 1743-இல் அயர்லாந்து நாட்டுக் குருவாகிய பேட்ரிக் டெலானியை மணந்தார். குடிப்பெருமை போதாதென்று உறவினர் முகஞ்சுளித்தனர்; அம்மையார் அதனைப் பொருட்படுத்தவில்லை. டப்ளின் நகரையடுத்த டெல்வில் என்னும் இல்லத்தில் இருவரும் தோட்டம் வளர்த்தனர். அம்மையார் ஓவியம் வரைந்தார். பட்டில் மலர்களைத் தைத்தார். சிப்பிகளால் சுவர்களை அணிசெய்தார். ஒவ்வொன்றையும் கண்டு மகிழ்ந்து பாராட்டக் கணவர் அருகிருந்தார். இருபத்தைந்து ஆண்டுகள் இங்ஙனம் கழிந்தன.

1768-இல் டெலானி குரு காலமானார். அம்மையாருக்கு அப்பொழுது வயது ஏறத்தாழ அறுபத்தெட்டு. பழைய கைத்தொழில்கள் யாவும் சுவையற்றுப் போயின. பாராட்டி அவற்றிற்கு மதிப்பளித்த அன்பர் மறைந்தமையால், அவற்றின் இனிமையும் மறைந்தது என்று அவரே பிற்காலத்தில் எழுதிவைத்தார். இவ்விடத்திலேயே இவர் சரித்திரத்தின் உயிர் நிலை இருக்கின்றது. இழந்த இன்பத்தைப் பழைய வழியில் தேடாது, புதியதொரு வழிக்காகக் காத்திருந்தார்.

அவ்வழி 1772-இல் திறந்தது. தோழியாகிய போர்ட்லாந்து சீமாட்டியின் புல்ஸ்டிரோடு மாளிகையில் இவர் தங்கியிருந்த காலம் அது. செந்நிறக் காகிதத் துண்டொன்று ஜெரேனியம் பூவின் நிறத்தை ஒத்திருக்கக் கண்டு, இதழ்களைக் கத்தரித்து ஒட்டினாராம். சீமாட்டி அதனை மெய்யான மலரென்றே எண்ணினார் என்பர். அன்றுமுதல் எழுபத்திரண்டு வயது கடந்த அம்மையாருக்குக் கத்தரிக்கோலே தூரிகையாயிற்று.

செடியை முன்வைத்துக் கூர்ந்து நோக்குவார். நிறந்தீட்டிய மெல்லிய காகிதங்களிலிருந்து இதழ், காம்பு, நரம்பு, மகரந்தத் தாள் ஆகியவற்றை வெட்டுவார். கருமை பூசிய தாளின்மேல் ஒன்றன்மேலொன்றாக ஒட்டுவார். இன்றியமையாத இடத்தில் மட்டும் வண்ணம் தொடுவார். 1777-இல் செய்த பாசிப்புளோரா மலரொன்றில் மாத்திரம் 230-க்கு மேற்பட்ட இதழ்த்துண்டுகள் உள்ளன. அழகோடு நில்லாது, லின்னேயஸ் முறைப்படி தாவரத்தின் பெயரையும், செய்த நாளையும் இடத்தையும் குறித்துவைத்தார். சோலாண்டர், சர் ஜோசப் பாங்க்ஸ் முதலிய தாவர நூல் வல்லுநரும் இவருடைய நுட்பத்தை மெச்சினர்.

ஆயிரம் மலர் செய்து முடிக்கவேண்டுமென்பது இவர் எண்ணம். 985 முடிந்த நிலையில், 1782-இல், கண்ணொளி மங்கிற்று. முறையிடாது கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். 1785-இல் அருமைத் தோழியும் இறக்கவே, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வின்ட்சரில் வீடும், ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகையும் அளித்து ஆதரித்தார். 1788-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் அம்மையார் லண்டனில் உயிர்நீத்தார். 1897-இல் அம்மலர்த் தொகுதிகள் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்தன.

காட்டு மலர்களைக் கவனித்துப் பார்க்கும்படி நம் ஆண்டவர் தம் சீடர்க்குக் கற்பித்தார். கவலையுற்றோர்க்குக் கூறிய அறிவுரையன்றோ அது! துயருற்ற முதுமையில் அம்மையார் செய்ததும் அதுவே. கருந்தாளின்மேல் அம்மலர்கள் இன்றும் ஒளிர்கின்றன. துக்கத்தின் கருமையை அவர் துடைத்துவிடவில்லை. அதன்மேல் அன்பின் வண்ணத்தைப் பொருத்தினார். பரீட்சையில் ஒருமுறை தவறினாலே வாழ்வு முடிந்ததென மயங்கும் மாணவராகிய நாம், எழுபத்திரண்டில் தொடங்கிய அக்கரங்களை நினைத்தல் நன்று.