படகுக்கு மோட்டார் மாட்டிய ஓலே எவின்ரூட்... அதைப் படுக்க வைக்கும் பழைய பெட்ரோல்!

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் இருக்கீங்களா? அப்போ டிசம்பர் வந்தாலே வயித்துல லேசா புளியைக் கரைக்கும். 2015-ல் செம்பரம்பாக்கம் ஏரி திறந்த ராத்திரியை மறக்க முடியாது. 2023-ல் மிக்ஜாம் புயல் போன பிறகும் கொரட்டூர், அம்பத்தூர் தெருக்கள்ல நின்ன தண்ணியையும் மறந்திருக்க மாட்டீங்க. அந்த மாதிரி நாள்கள்ல தெருவுக்குள்ள வர்ற மீட்புப் படகைக் கவனிச்சிருக்கீங்களா? பின்பக்கம் ஒரு மோட்டார் தொங்கும். கயித்தைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தா, புகை விட்டுக் கிளம்பிடும். வேலை முடிஞ்சதும் கழற்றித் தூக்கிட்டுப் போயிடலாம்.

அதுதான் அவுட்போர்டு மோட்டார். மீட்புப் படைக்காரங்க வாயில் ஓ.பி.எம். இதை சாதாரண ஆள் வாங்குற பொருளா மாத்தினவர் ஓலே எவின்ரூட். உலகம் முழுக்கப் படகுக்காரர்களுக்கு இந்தப் பெயர் அத்துப்படி.

1877-ல் நார்வேயில் பிறந்தவர் ஓலே. பாடி பக்கம் போகும்போதெல்லாம் நம்ம கண்ணுல படுற டி.வி.எஸ் என்ற பெயருக்குச் சொந்தக்காரரான டி.வி.சுந்தரம் ஐயங்கார் பிறந்ததும் அதே வருஷம்தான். இந்த ரெண்டு பேருக்கும் வேற சம்பந்தம் கிடையாது. ஆனா ஒருத்தர் திருக்குறுங்குடியிலும் இன்னொருத்தர் நார்வே கிராமத்திலும் பிறந்து, ரெண்டு பேருமே இன்ஜினை நம்பிப் பிழைச்சாங்க என்பது எனக்குப் பிடிச்ச தற்செயல்.

ஓலேவுக்கு 5 வயசு இருக்கும்போது குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு ஏரிக்கரையில் விவசாயம். பையனுக்கு வயலில் மனசு ஒட்டலை. தானே ஒரு பாய்மரப் படகு செய்தான், அப்பா கடுப்பாகி அதை உடைச்சார், பையன் ஒளிச்சு வெச்சு இன்னொண்ணு செய்தான் என்று ஒரு கதை சொல்வாங்க. பள்ளிப்படிப்பு பெரிசா இல்லை. 16 வயசில் மேடிசன் நகரத்துக்குப் போய் மெஷின் கடைகளில் வேலைக்குச் சேர்ந்தார். பகல்ல வேலை, ராத்திரி இன்ஜினீயரிங் புத்தகம். பிட்ஸ்பர்க், சிகாகோ என்று ஊர் ஊரா சுத்தி, லேத் வேலையிலிருந்து பெட்ரோல் இன்ஜின் வரைக்கும் கத்துக்கிட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐ.டி.ஐ முடிச்சு ஷாப் மாறி ஷாப் மாறித் தொழில் பழகின ஒரு அண்ணன் உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, ஓலேவையும் தெரிஞ்ச மாதிரிதான்.

மில்வாக்கி நகரத்தில் செட்டில் ஆனபோதுதான் பெஸ் கேரி அவர் வாழ்க்கையில் வர்றார். இப்போ அந்த ஐஸ்க்ரீம் கதை. 1906 ஆகஸ்ட், கொளுத்தும் வெயில், ஏரியில் நண்பர்களோட பிக்னிக். பெஸ்ஸுக்கு ஐஸ்க்ரீம் வேணும். கடை அக்கரையில். ஓலே துடுப்புப் போட்டுப் போய் வாங்கிட்டுத் திரும்புறதுக்குள்ள ஐஸ்க்ரீம் உருகிப் போச்சு. எத்தனை மைல் துடுப்புப் போட்டார் என்பது சொல்ற ஆளைப் பொறுத்து மாறும், அதனால அதை விட்டுடலாம். ஆனா கை வலிச்ச ஒரு மெஷின் மேஸ்திரி என்ன யோசிப்பார் என்பதில் சந்தேகமே இல்லை. அந்த வருஷமே ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆச்சு.

ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும். படகின் பின்னால் மோட்டாரைத் தொங்கவிட்ட முதல் ஆள் ஓலே இல்லை. கேமரூன் வாட்டர்மேன் என்ற இன்னொரு அமெரிக்கர் அவருக்கு முன்னாடியே செஞ்சு, வித்தும் இருக்கார். ஓலே செஞ்சது வேற. ரிப்பேர் இல்லாம ஓடுற, கையில தூக்குற, காசு கொடுத்தா கட்டுப்படி ஆகுற மோட்டாரா அதை மாத்தினார். முதல் மாடலைப் பார்த்த பெஸ்ஸுக்கு அது காபிக்கொட்டை அரைக்கும் மெஷின் மாதிரி தெரிஞ்சதாம். அதை இரவல் வாங்கிட்டுப் போன நண்பர் திரும்பி வரும்போது 10 ஆர்டர் கொண்டு வந்தார். 1909-ல் கம்பெனி ஆரம்பம். ஒன்றரை குதிரைசக்தி, சுமார் 28 கிலோ, விலை 62 டாலர். கணக்கு, கடிதம், விளம்பரம் எல்லாம் பெஸ் கையில். இனி துடுப்பு எதுக்கு என்று அவர் எழுதின விளம்பரம்தான் ஆர்டர்களைக் குவிச்சது. ஓலே கதையில் பெஸ்ஸை ஐஸ்க்ரீம் கேட்ட பொண்ணா மட்டும் சொல்றவங்க பாதிக் கதையைத்தான் சொல்றாங்க.

இந்த மோட்டாருக்கு ஒரு விசித்திரம் உண்டு. விஸ்கான்சினில் குளிர்காலம் வந்தா ஏரியே உறைஞ்சுடும். அதனால படகும் மோட்டாரும் மாசக்கணக்கா கொட்டகையில் தூங்கும். வசந்தம் வந்து கயித்தை இழுத்தா, கிளம்பாது. காரணம் பெரும்பாலும் மோட்டார் இல்லை, டேங்கில் விட்டுட்டுப் போன பெட்ரோல்.

பெட்ரோல் ஒரே திரவம் இல்லைங்க, பல திரவங்களோட கலவை. அதில் சுலபமா ஆவியாகும் பகுதிதான் ஸ்டார்ட்டிங்குக்கு உதவும். சும்மா வெச்சிருந்தா முதலில் பறந்து போறதும் அதுதான். மிச்சம் இருப்பது காத்தில் உள்ள ஆக்சிஜனோட சேர்ந்து பிசின் மாதிரி ஆகும். கார்புரேட்டர் ஜெட்டின் துளை ஊசி முனை அளவுதான், அந்தப் பிசின் அதை அடைக்க நாலு மாசம் தாராளம்.

நம்ம ஊர்ல பனி இல்லையே என்று நிம்மதி ஆக வேண்டாம். இங்கே கதை தலைகீழ். மழை முடிஞ்சு ஜனவரியில் கட்டி வைக்கும் மீட்புப் படகு அடுத்த அக்டோபர் வரைக்கும் ஷெட்டில் கிடக்கும். நடுவில் நம்ம மே மாசம். சூட்டில் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கெடும். போதாக்குறைக்கு இப்போ பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20% வரை எத்தனால். எத்தனால் காத்தில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். பாதி டேங்க் காலியா இருந்தா இழுக்கிறதுக்கு இடமும் அதிகம். ஒரு அளவுக்கு மேல் தண்ணி சேர்ந்தா, எத்தனாலும் தண்ணியும் கூட்டு சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிஞ்சு அடியில் தங்கிடும். இன்ஜின் உறிஞ்சும் குழாய் இருப்பதும் அதே அடியில்தான்.

பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டாரா இருந்தா இன்னும் மோசம். அதில் ஆயிலைப் பெட்ரோலில்தான் கலந்து ஊத்துவாங்க. பிரிஞ்ச பிறகு ஆயில் மேலே இருக்கும் பெட்ரோலோடயே நின்னுடும். அடியில் இருப்பதில் வழுவழுப்பே கிடையாது. அது உள்ளே போனா பிஸ்டன் பிடிச்சுக்கும். மொட்டை மாடியில் ஒரு குடும்பம் கையாட்டிட்டு நிக்கிற நேரத்தில் இது நடந்தா என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஓலே கதைக்கு வருவோம். 1914-ல் பெஸ்ஸின் உடம்பு மோசமாக, கம்பெனியில் தன் பங்கைக் கூட்டாளி கிறிஸ் மேயரிடமே விற்றுட்டார். 5 வருஷத்துக்கு இந்தத் தொழில் பக்கம் வரக் கூடாது என்பது ஒப்பந்தம். சொந்தப் பெயரில் உள்ள கம்பெனி இன்னொருத்தர் கையில், தான் சும்மா! மனைவியையும் மகன் ரால்ஃபையும் கூட்டிட்டு ஊர் சுத்தினார். ஆனா தலைக்குள்ள இன்ஜின் நிக்கலை. ரெண்டு சிலிண்டர், அலுமினியம், எடை கம்மி, சக்தி டபுள் என்று புது டிசைன் போட்டு மேயரிடமே கொண்டு போனார். மேயர் வேண்டாம் என்றார். கெடு முடிஞ்சதும் ஓலேவும் பெஸ்ஸும் எல்ட்டோ என்ற பெயரில் புதுக் கம்பெனி தொடங்கி, பழைய கம்பெனிக்கே போட்டியா நின்னாங்க. 3 குதிரைசக்தி, சுமார் 22 கிலோ. 1929-ல் எவின்ரூட், எல்ட்டோ, லாக்வுட் மூணும் ஒரே கம்பெனியா இணைஞ்சப்போ தலைவர் யார் தெரியுமா? ஓலேதான். அவர் பெயர் அவர்கிட்டயே திரும்பி வந்தது.

சந்தோஷம் நீடிக்கலை. அதே வருஷம் பொருளாதார வீழ்ச்சி. உல்லாசப் படகு வாங்க யார்கிட்ட காசு இருக்கும்? 1933-ல் பெஸ் இறந்தார். அடுத்த வருஷம் ஜூலையில், 57 வயசில் ஓலேவும் போயிட்டார். கம்பெனியை ரால்ஃப் பார்த்துக்கிட்டார். பிற்பாடு பல கை மாறி, 2020-ல் எவின்ரூட் மோட்டார் தயாரிப்பே நின்னு போச்சு. இன்னிக்கு மீட்புப் படகுகளில் வேற கம்பெனிப் பெயர்கள் இருக்கும். தொங்கவிடும் முறை அதேதான், பெட்ரோல் தொல்லையும் அதேதான்.

அதனால, உங்க குடியிருப்போர் சங்கம் வெள்ளத்துக்காக ஒரு படகு வாங்கி வெச்சிருந்தா, செப்டம்பரிலேயே ஒரு நாள் போய் டேங்க் மூடியைத் திறங்க. பெட்ரோல் வாசனைக்குப் பதிலா வார்னிஷ் மாதிரி புளிச்ச நெடி வருதா? நிறம் டீ டிக்காஷன் மாதிரி ஆயிடுச்சா? கொஞ்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் ஊத்தி வெச்சா அடியில் தனிப் படலம் தெரியுதா? இதில் ஒண்ணு இருந்தாலும் அந்தப் பெட்ரோல் வேண்டாம். படலம் பிரிஞ்ச பெட்ரோலில் புதுசு கலந்தா சரியாயிடும் என்பது நம்ம ஊர் சிக்கனம், பலிக்காது. முழுசா வடிச்சு, ஃபில்டர் மாத்தி, கார்புரேட்டரைக் கழுவிட்டுப் புது பெட்ரோல் ஊத்துங்க. ரெண்டு மூணு மாசப் பழசு, தெளிவா இருக்கு, வாசனையும் சரி என்றால், பெரிய கார் டேங்கில் நிறைய புது பெட்ரோலோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து தீர்த்துடலாம். மீட்புப் படகில் அந்தப் பரிசோதனை வேண்டாமே.

வடிச்சதைத் தயவுசெஞ்சு கால்வாயில் ஊத்தாதீங்க, அது கடைசியில் ஏதாவது ஒரு ஏரிக்குத்தான் போகும். தெரிஞ்ச மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்க, பார்ட்ஸ் கழுவ எடுத்துப்பார். மழை முடிஞ்சு படகைக் கட்டி வைக்கும்போது பெட்ரோல் குழாயைக் கழற்றிட்டு, மோட்டாருக்குத் தண்ணி கொடுத்து ஓடவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீர்ந்து அதுவா நிக்கிற வரைக்கும் விடுங்க. கீழே பார்க்கிங்கில் ஆறு மாசமா தூசி படிஞ்சு நிக்குதே உங்க பழைய ஸ்கூட்டர், அதோட டேங்க் மூடியையும் ஒரு தடவை திறந்து பார்த்துடுங்க.