ஒரே கடிதத்தில் ஆட்டம் கண்ட 20 ஆண்டு உழைப்பு: யார் இந்த ஃப்ரேகே?

மஷ்ரூம் பிரியாணி சைவம் என்று ஒருவர் பதிவு செய்கிறார். பிரியாணி எல்லாமே அசைவம் என்று இன்னொருவர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார். ஒரே உணவு இரண்டாகவும் இருக்க முடியாது என்ற விதியும் இருக்கு. ‘ப்ரோட்டஜே’ மென்பொருளில் ‘ஹெர்மிட்’ கருவியை ஓடவிட்டால், மஷ்ரூம் பிரியாணி சிவப்பு எழுத்தில் வந்து நிற்கும். இந்த விதிகளின்படி அப்படி ஒரு உணவு இருக்கவே முடியாது என்று அர்த்தம். எது எதன் வகை என்று கணினிக்குப் புரியும்படி எழுதிவைக்கும் இந்த ஏற்பாடுதான் ஆன்டாலஜி.

இத்தகைய கருவிகளுக்குப் பின்னால் இருக்கும் நவீன தர்க்கத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் ஜெர்மனியின் காட்லோப் ஃப்ரேகே. 1848-ல் விஸ்மார் நகரில் பிறந்து, யெனா பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். கணக்கு மொத்தத்தையும் வெறும் தர்க்க விதிகளிலிருந்தே வரவழைக்க முடியும் என்பது அவர் கனவு. 1879-ல் அதற்காகவே ஒரு குறியீட்டு மொழியை உருவாக்கினார். பக்கம் முழுக்கக் கோடுகளும் கிளைகளுமாக இருந்ததால், படிக்க ஆள் இல்லை. 1893-ல் பெரிய நூலின் முதல் பாகம் வந்தபோதும் அதே கதைதான். இரண்டாம் பாகத்தைச் சொந்தக் காசில் அச்சுக்குக் கொடுத்தார்.

அந்த நேரத்தில்தான், 1902 ஜூனில், இங்கிலாந்திலிருந்து பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் கடிதம் வந்தது. நூலைப் புரிந்து படித்துப் பாராட்டிய அபூர்வ வாசகர். கூடவே ஒரு சந்தேகம். எந்தப் பண்பைச் சொன்னாலும் அதற்குரியவற்றைத் திரட்டி ஒரு கணம் அமைக்கலாம் என்று ஃப்ரேகேயின் 5-வது விதி அனுமதித்தது. சிம்பிளா சொல்லணும்னா, தன் பெயர் தனக்குள் இல்லாத பட்டியல்களை எல்லாம் ஒரு பட்டியலில் போடுங்கள். அந்தப் பட்டியலில் அதன் பெயர் வருமா? வந்தால் வரக் கூடாது. வராவிட்டால் வந்தாக வேண்டும். விதிகளில் இப்படி ஒரு முரண் நுழைந்துவிட்டால், அவற்றை வைத்து எதை வேண்டுமானாலும் நிரூபித்துவிடலாம். 2+2=5 உட்பட.

ஃப்ரேகேக்கே அந்த விதி மேல் மட்டும் லேசான உறுத்தல் இருந்தது. முதல் பாகத்தின் முன்னுரையிலேயே அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால், ஓடவிட்டுப் பார்க்க அன்று ஹெர்மிட் ஏது?

மழுப்பியிருக்கலாம். ஆனால், ஒரு வாரத்துக்குள் பிழையை ஒப்புக்கொண்டு பதில் எழுதினார். 1903-ல் வந்த இரண்டாம் பாகத்தின் இறுதியில் ரஸ்ஸலின் முரண்பாட்டைத் தானே விளக்கினார். அவசரமாக ஒரு திருத்தமும் போட்டார். அதுவும் தேறவில்லை என்று பின்னாளில் நிரூபணமானது. 1904-ல் மனைவியும் இறந்தார். மூன்றாம் பாகம் வரவே இல்லை.

இன்றைய ஆன்டாலஜி மொழிகள் ஃப்ரேகே அளவுக்குத் தாராளம் காட்டுவதில்லை. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று முதலிலேயே வேலி போட்டுவிடுகின்றன. அந்த வேலிக்குள் இருப்பதால்தான் கருவியால் சரிபார்த்து முடிக்க முடிகிறது.

கடைசி ஆண்டுகளில் ஃப்ரேகே தர்க்கத்தை விட்டு, வடிவியலில் கணக்குக்கு அடித்தளம் தேடினார். அது முடிவதற்குள், 1925-ல் காலமானார்.