சிகரெட் நெருப்பில் கருகிய படம்

ராபர்ட் பிளாகர்டி 1884-ம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தவர். கனடாவின் வடகோடியில், அட்சன் விரிகுடாப் பகுதியில் இரும்புத் தாது தேடி அலைவது அவர் வேலை. எங்கு பார்த்தாலும் பனி! அங்கே வாழும் இனூயிட் மக்களைச் சினிமா கேமராவில் படம் பிடித்து வந்தார்.

1916-ம் ஆண்டு, டொரண்டோ நகரம். எடுத்த படத்தை ஊருக்கு அனுப்பக் கட்டிக்கொண்டிருந்தார். கையில் இருந்த சிகரெட் நழுவி விழுந்தது. அந்தக் காலத்து பிலிம் குப்பென்று பற்றிக்கொள்ளும். சுமார் 30 ஆயிரம் அடி நெகடிவ் சாம்பலாயிற்று!

ஒரு பிரதி மட்டும் தப்பியது. அதைப் போட்டுப் பார்த்தவருக்கே அலுப்பு தட்டியது. அங்கே ஒரு காட்சி, இங்கே ஒரு காட்சி. மனதில் நிற்க ஓர் ஆள் இல்லை.

1920-ல் மறுபடியும் பனிநாட்டுக்குப் போனார். இந்த முறை ஒரே ஒரு குடும்பத்தின் கதை. அல்லகரியல்லக் என்ற வேட்டைக்காரருக்கு நானூக் என்று பெயர் சூட்டினார். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை. பாதி வீட்டை வெட்டித் திறந்துவிட்டு, கொட்டும் குளிரில் அவர்களைப் படுக்க வைத்து எடுத்தார். துப்பாக்கி பழகியவர்களை ஈட்டியுடன் வேட்டைக்கு அனுப்பினார். ஆகவே, எல்லாம் உள்ளது உள்ளபடி அல்ல!

1922-ல் வெளிவந்த படம் பிளாகர்டிக்கு உலகப் புகழ் தந்தது. 1951-ல் இறக்கும்வரை அவர் கேமராவை விடவில்லை.

நானூக்கோ, படம் வெளிவந்த சுமார் இரண்டு ஆண்டுகளிலேயே அந்தப் பனிநாட்டில் இறந்துபோனார்.